இ.சி.ஜி. நார்மல், ஆனாலும் நெஞ்சு வலிக்கிறது. அப்புறம் என்ன செய்ய?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிற ஆள் நான், வயது 43. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். பாதி மரம் முடிவதற்குள் இடது நெஞ்சில் சுருக்கென்று ஒரு குத்து, கூடவே உள்ளே விரால் மீன் புரண்ட மாதிரி ஒரு துடிப்பு. கத்தியை மரத்தடியில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு நாலு இ.சி.ஜி., இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில், ஒரு ஹோல்டர் எல்லாம் ஆயிற்று. எல்லாம் நார்மல். வலி மட்டும் இன்னும் வந்து போகிறது.

‘ஒண்ணுமில்ல தம்பி, தைரியமா போங்க’ என்று டாக்டர் சொன்ன அன்று சந்தோஷமாக பஸ் ஏறியவன், தக்கலை தாண்டுவதற்குள் மறுபடியும் குத்து வாங்கினேன். அந்த நேரத்தில் இரண்டில் ஒன்றுதான் தோன்றும்: டாக்டர் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டார், இல்லையென்றால் எனக்குக் கிறுக்கு பிடிக்கிறது. பெரும்பாலும் இரண்டுமே இல்லை. நான் டாக்டர் கிடையாது. இந்த வலியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று பட்டுத் தெரிந்துகொண்டதையும், டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

இதுவரை ஒரு டாக்டரையும் பார்க்காதவர் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள். பார்த்தவர்களுக்கும் சில அறிகுறிகளில் யோசனையே கூடாது. நெஞ்சு நடுவில் பாரம் ஏற்றி வைத்த மாதிரி அழுத்தி, சில நிமிடத்துக்கு மேல் விடாமல் நின்றால், வலி இடது கை, தாடை, முதுகு என்று பரவினால், குளிர்ந்து வியர்த்தால், மூச்சு வாங்கினால், துடிப்போடு மயங்கி விழுந்தால், அல்லது விழப் பார்த்தால், உடனே 108. அதேபோல, ஏற்றம் ஏறும்போது வந்து நின்றால் குறைகிற வலி, ஓடும்போது வருகிற படபடப்பு, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்த சரித்திரம் இருந்தால் இதய டாக்டரிடம் இவற்றைச் சொல்லாமல் வரக்கூடாது. சுகர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் களைப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று வரலாம்.

நம்ம ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் முதல் பெயர் ‘கேஸ்’. எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் காலையில் நெஞ்சு அழுத்துகிறது என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தார், சோடா குடித்தார், ஒரு ஏப்பம் வந்தது, ‘ஆ, இப்ப கொள்ளாம்’ என்று நாலு மணி நேரம் திண்ணையில் படுத்திருந்தார். அது மாரடைப்பு. ஆள் பிழைத்தார், ஸ்டென்ட் வைத்தார்கள், ஆனால் அந்த நாலு மணி நேரத்தில் இதயத்தின் ஒரு பகுதி போய்விட்டது. ஏப்பம் வந்து லேசானதால் அது கேஸ்தான் என்று அர்த்தமில்லை. இதற்கு நேர்மாறாக, சட்டைப் பையில் சார்பிட்ரேட் என்ற இதய வலி மாத்திரையை வைத்துக்கொண்டு, குத்து வந்ததும் நாக்குக்கடியில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மாத்திரை உணவுக்குழாயின் பிடிப்பையும் இளக்கும், அதனால் அதில் வலி குறைந்தால் இதய வலிதான் என்றும் சொல்ல முடியாது. பிரஷர் வேறு சட்டென்று இறங்கித் தலைசுற்றும். டாக்டர் உங்கள் பெயருக்கு எழுதாத மாத்திரை உங்கள் பையில் வேண்டாம்.

ராத்திரி எங்கே இ.சி.ஜி. எடுப்பார்கள் என்பதைப் பகலிலேயே விசாரித்து வையுங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் எல்லோருக்கும் தெரியும், ஆனால் மலையோரத்தில் இருக்கிற எங்களுக்கு அது கொஞ்ச தூரம். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் பக்கத்து நிலையம் எது, எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சு வலியோடு பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், பின்னால் உட்கார்ந்தும் வேண்டாம்.

சரி, இனி ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்தவர்களுக்கு.

நார்மல் என்றால் என்ன நார்மல் என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போகும். இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. இ.சி.ஜி. பேப்பரில் விழுவது சுமார் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் மீன் புரளவில்லை என்றால் அது பேப்பரில் வராது, அவ்வளவுதான். அதற்காகத்தான் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் கட்டிவிடுகிற ஹோல்டர். அது நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கரின் பெயர். அவர் முதலில் செய்த கருவியை முதுகில் சுமந்து திரிய வேண்டியிருந்தது, நாற்பது கிலோவுக்குப் பக்கத்தில் எடை. இப்போது சட்டைப் பைக்குள் அடங்குகிறது. எக்கோ இதயத்தின் அமைப்பையும் வால்வையும் பம்ப் செய்கிற பலத்தையும் காட்டும், ரத்தக்குழாய் அடைப்பை நேரடியாகக் காட்டாது. உழைப்பில் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் டிரெட்மில். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இதயத் தசைக்கு அடி பட்டிருக்கிறதா என்று சொல்லும், வலி வந்த உடனே எடுத்தால் ஏறியிருக்காது, அதனால் சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். ‘எதுக்கு ரெண்டு தடவை ரத்தம் எடுக்கான்’ என்று சண்டை போடாதீர்கள், நான் போட்டேன்.

ஹோல்டர் கட்டியவர்கள் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலில் கிடக்கிறார்கள். அப்புறம் ரிப்போர்ட்டில் என்ன வரும், நீங்கள் தூங்கியதுதான் வரும். டாக்டர் தடுக்கவில்லை என்றால் வழக்கம்போல வேலைக்குப் போங்கள். நான் அதைக் கட்டிக்கொண்டே மரம் வெட்டினேன், வியர்வையில் ஒட்டு கழன்றுவிடாமல் இருக்கப் பனியனுக்கு மேல் துண்டால் ஒரு கட்டு. குளிக்க முடியாது, சகித்துக்கொள்ளுங்கள். துடிப்பு வந்த நேரத்தை நிமிடத்தோடு எழுதி வையுங்கள். என் ரிப்போர்ட்டில் 4.10க்கு நான் எழுதிய ‘புரண்டது’ என்பதற்கு நேரே ஒரு எக்டோபிக் துடிப்பு இருந்தது. அதைப் பார்த்த அன்றுதான் நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

எக்டோபிக் என்றால், ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்னாலேயே முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. முந்தி வந்ததால் அதில் பலம் இருக்காது. அடுத்தது வரக் கொஞ்சம் தாமதமாகும், அந்த இடைவெளியில் இதயத்தில் ரத்தம் கூடுதலாக நிரம்பிவிடும், அதனால் அடுத்த துடிப்பு திம்மென்று இடிக்கும். நின்றுபோன மாதிரியும் இடித்த மாதிரியும் தெரிவது இதுதான். நல்ல இதயம் உள்ளவர்களுக்கும் ஹோல்டரில் இப்படிச் சில விழும், பலருக்கு அது வந்ததே தெரியாது. நமக்குத் தெரிகிறது, அதுதான் நம்ம சங்கடம். எண்ணிக்கை ரொம்ப அதிகமாக இருந்தால் மட்டும் டாக்டர் விடாமல் பார்ப்பார்.

ஸ்விட்ச் போட்ட மாதிரி திடீரென்று 150, 180 என்று ஓடி, ஸ்விட்ச் அணைத்த மாதிரி நிற்கிற துடிப்பு வேறு கதை. அதைச் சாதாரணப் படபடப்பு என்று விடக்கூடாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே இ.சி.ஜி.யில் பிடிக்க வேண்டும். அதற்கு மருந்தும் உண்டு, மின்கோளாறு உள்ள இடத்தைச் சுட்டுச் சரிசெய்கிற சிகிச்சையும் உண்டு.

இதயம் அல்லாத காரணங்களைத் தேடச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம், சுகர். என் மைனி ஒரு வருடம் படபடப்பு படபடப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு இடத்தில் ‘டென்ஷன்’ என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் ஹீமோகுளோபின் வெறும் 7.4. மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததை அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கடைப்புக்கும் சளிக்கும் வாங்குகிற சில மாத்திரைகள், சாராயம் எல்லாம் துடிப்பைக் கூட்டும். உழைப்பில் வலி வருகிறது, இதய ரத்தக்குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கிற ஆஞ்சியோவில் பெரிய குழாய்கள் சுத்தம் என்றால், சின்ன ரத்தக்குழாய்களில் கோளாறு இருக்கலாமா என்றும் கேளுங்கள். அப்படி ஒன்று உண்டு, பெண்களுக்கு அதிகம்.

இடையில் ஒரு சின்ன வேலை. இ.சி.ஜி. பேப்பர் பெரும்பாலும் சூட்டில் எழுத்து விழுகிற பேப்பர், நாளாக நாளாக மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள், ஜெராக்ஸும் போடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நான் என் முதல் இ.சி.ஜி.யை லேமினேட் செய்யக் கொடுத்தேன், சூடு பட்டு மொத்தமும் கறுப்பாகி வந்தது. பழைய இ.சி.ஜி. கையில் இருந்தால் நடுராத்திரி டியூட்டி டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வசதி, உங்களுக்கு ஒரு அட்மிஷன் மிச்சமாகலாம்.

என் வலியில் பெரும்பங்கு நெஞ்சுக்கூட்டு வலி. விலா எலும்பு நடு எலும்போடு சேர்கிற குருத்தெலும்பில் வீக்கம். ஒரே பக்கமாக வளைந்து நின்று முந்நூறு மரத்துக்கு மேல் கத்தி இழுத்து, பால் வாளி சுமந்து, ரோலரில் ஷீட் அடிக்கிறவனுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விரலால் அழுத்தினால் அதே வலி அதே இடத்தில் வருகிறது, திரும்பினால் இருமினால் குத்துகிறது என்றால் பெரும்பாலும் இதுதான், ஆனால் அழுத்தி வலித்துவிட்டது என்பதை மட்டும் வைத்து இதயத்தைத் தள்ளிவிடக் கூடாது. சூடு ஒத்தடம், கொஞ்ச நாள் பாரம் குறைப்பு, வேண்டுமென்றால் பாரசிட்டமால். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். மெடிக்கலில் கேட்டால் தருகிற வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறு புண்ணாகி, அந்தப் புண்ணே நெஞ்சுக்கு ஏறி வலிக்கும். அந்தச் சுற்றிலும் நான் ஒரு தடவை போய்வந்தேன்.

மீதி வலி வயிற்றிலிருந்து வந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு மரச்சீனியும் சாளைக் கறியும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, மூன்று மணிக்கு எழ வேண்டுமே என்று உடனே படுத்தால் ஆசிட் மேலே ஏறாமல் வேறென்ன செய்யும்? எழுந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு கிளாஸ் கட்டன் சாயா வேறு. இப்போது சாப்பாடு ஏழு மணிக்குள், படுக்கை பத்துக்கு. தூக்கம் போதவில்லை என்றால் மத்தியானம் ஒரு மணி நேரம். தலையணை இரண்டு வைப்பதைவிட, கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கடியில் செங்கல் வைத்துப் பத்து பதினைந்து சென்டிமீட்டர் உயர்த்துவது நல்லது. இடது பக்கம் சாய்ந்து படுத்தால் ஆசிட் குறையும், ஆனால் இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வருவதால் துடிப்பு காதில் கேட்கிற மாதிரி இருக்கும். எது உங்களை அதிகம் படுத்துகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். எனக்குக் கட்டிலை உயர்த்திவிட்டு மல்லாந்து படுப்பது சரியாக வருகிறது. சாயாவை விடவில்லை, ஒரு கிளாஸ் ஆக்கினேன், அதுவும் ஒரு மட்டிப்பழம் தின்ற பிறகு.

அப்புறம் பயம். இதைச் சொன்னால் ‘அப்ப எல்லாம் மனசுலதான்னு சொல்றியா’ என்று கோபம் வரும், எனக்கும் வந்தது. வலி நிஜம். ஆனால் வலி வந்ததும் பயம் வருகிறது, பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு ஏறுகிறது, மூச்சு வேகமாகிறது, வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்து, நெஞ்சு இறுகி, தலை சுற்றுகிறது. அதைப் பார்த்து இன்னும் பயம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களில் முந்நூறு பேருக்கு இதே நெஞ்சு வலியும் படபடப்பும் இருந்ததை டா கோஸ்டா என்ற டாக்டர் 1871இல் எழுதி வைத்திருக்கிறார். துப்பாக்கி பிடித்தவனுக்கே வந்திருக்கிறது, நமக்கு வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்கு நான் கண்ட வழி, நன்றாக இருக்கும்போதே விதியை எழுதி வைத்துவிடுவது. ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்து ‘போகலாமா வேண்டாமா’ என்று யோசிக்கிற மூளைக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி கிடையாது. என் டாக்டரிடம் உட்கார்ந்து பேசி ஒரு அட்டையில் எழுதினேன். நீங்களும் உங்கள் டாக்டரோடு பேசி உங்களுக்கு ஏற்ற மாதிரி எழுதுங்கள். என்னுடையது இப்படி:

‘பழைய வலி: இடது பக்கம், ஒரு விரல் இடம், குத்து, திரும்பினால் கூடும். உட்கார். மூச்சு. 15 நிமிடம். எழுது. வேலையைத் தொடர்.
பழைய துடிப்பு: ஒன்றிரண்டு புரளல், பிறகு சாதாரணம். எதுவும் செய்யாதே.
புதிய வலி: நடுவில் பாரம், பரவுதல், வியர்வை, மூச்சு, மயக்கம், ஏற்றத்தில் வருவது. யோசிக்காதே, 108.
எதுவென்று தெரியவில்லை: புதியது என்றே வைத்துக்கொள்.’

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் டாக்டர்தான். அதன்படி ஒரு தடவை போனேன், மழைக்காலத்தில், வலி நடுவில் இருந்தது, எதுவென்று பிடிபடவில்லை. ராத்திரி முழுக்க வைத்திருந்து பார்த்துவிட்டு ஆசிட் என்று அனுப்பினார்கள். வெட்கமாக இல்லை, விதிப்படி போனேன் அவ்வளவுதான்.

அந்த 15 நிமிடத்தில் என்ன செய்வது? நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வயிறு அசைய வேண்டும், தோள் அசையக் கூடாது. பேப்பர் கவரில் மூச்சு விடச் சொல்லுவார்கள், வேண்டாம், ஒருவேளை அது நிஜமான இதயக் கோளாறாகவோ நுரையீரல் கோளாறாகவோ இருந்தால் ஆபத்து. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் எல்லா வீட்டிலும் கிடக்கிறது, அதை ஒரே ஒரு தடவை மாட்டிப் பாருங்கள், எழுதுங்கள், பெட்டியில் வையுங்கள். அரைமணி நேரம் விரலில் மாட்டிக்கொண்டு துடிப்பு 92, 97, 104 என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தால் எண் ஏறத்தான் செய்யும். வாட்சில் துடிப்பு பார்க்கிறவர்களுக்கும் இதேதான்.

நோட்டில் நீளமாக எழுத வேண்டாம். நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தேன், முன்னால் என்ன தின்றேன், தூக்கம் எத்தனை மணி நேரம், பெண்கள் என்றால் மாதவிடாய் தேதி. இரண்டு மாதம் எழுதினால் உங்கள் வலியின் குணம் தெரிந்துவிடும். எனக்கு, தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போன மறுநாள்தான் மீன் புரளுகிறது. அதன்பிறகு நோட்டை நிறுத்திவிடுங்கள், ஆயுள் முழுக்க எழுதினால் அதுவே வியாதி.

டாக்டரையும் ஒருவரோடு நிறுத்துங்கள். நாகர்கோவிலில் ஒருவர், மார்த்தாண்டத்தில் ஒருவர், அப்புறம் திருவனந்தபுரம் என்று ஓடி ஓடி நான் செலவழித்ததில் ஒரு பசு வாங்கியிருக்கலாம். இரண்டாவது கருத்து ஒரு தடவை கேட்பது சரி. ஆறாவது கருத்து, பயத்துக்குப் போடுகிற தீனி.

வர்மம் பார்க்கிற ஆசான்கள் நம்ம மாவட்டத்தில் நிறைய. எங்கள் ஆசானே, ‘மக்கா, மொதல்ல இ.சி.ஜி. எடுத்துட்டு வா, நெஞ்சுல சும்மா கை வைக்கமாட்டேன்’ என்றார். அப்படிச் சொல்லுகிறவரிடம் போங்கள், சொல்லாமலே தட்டுகிறவரிடம் போகாதீர்கள்.

சோதனை எல்லாம் சரி என்றால் உழைப்பைக் குறைக்காதீர்கள். முதல் ஆறு மாதம் பயந்து நான் தோட்டத்தை ஆளுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தேன். உட்கார உட்காரப் படியேறினாலே துடிப்பு 120 போனது, அதைப் பார்த்து இன்னும் உட்கார்ந்தேன். பிறகு டாக்டரிடம் கேட்டுவிட்டு, தினம் பத்து நிமிட நடை, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி. போன சிவராத்திரிக்கு, பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடிப் போய்க் கும்பிடுகிற சிவாலய ஓட்டத்தில் திருமலையிலிருந்து திற்பரப்பு வரை, மூன்று கோவில் நடந்தேன். பன்னிரண்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும், அது எனக்கு வேண்டாம். வழியில் இரண்டு தடவை புரண்டது. விசிறியை வீசிக்கொண்டே ‘கோவிந்தா கோபாலா’ என்று போய்விட்டேன்.

பயமே வாழ்க்கையாகிவிட்டது, வெளியே போக முடியவில்லை, தூக்கம் போய்விட்டது என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அங்கே போனால் நெஞ்சு வலி பொய் என்று ஒத்துக்கொண்டதாக ஆகாது. அவர்கள் தருகிற சில மருந்துகள் குறைந்த அளவில் நெஞ்சு வலியின் கூர்மையையே குறைக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் அட்டையைக் காட்டிவிடுங்கள். முன்பெல்லாம் நான் நெஞ்சில் கை வைத்தாலே வீட்டுக்காரி ‘என்னாச்சு, என்னாச்சு’ என்று பதறுவாள், அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் துடிப்பு ஏறும். இப்போது ஒரே கேள்விதான் கேட்கிறாள்: ‘பழசா, புதுசா?’ பழசு என்றால் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுகிறாள். புதுசு என்றாலோ, நான் பதில் சொல்லாமல் விழித்தாலோ, போனை எடுக்கிறாள்.